காயைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்க

வாசகர் கேள்வி – பதில்: அடுப்படிச் சாமான்

போன இதழில் துருவியைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, "துருவி இருக்கட்டும், கையில் வைத்துத் திருகினால் காய் நூல் நூலாக வருகிறதே, அந்த ஸ்பைரல் கட்டரைப் பற்றிச் சொல்லுங்க" என்று நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்தே ஏழெட்டுக் கடிதம். நானும் இரண்டு வருஷமாக ஒன்றை வைத்துப் புழங்குகிறேன். சில வாரம் தினமும் எடுப்பேன், சில வாரம் தொடவே மாட்டேன். ஆக, இந்த முறை முழுக்க அதுதான்.

கேள்வி: அக்கா, பெங்களூரில் இருக்கும் என் மகள் ஸ்பைரல் கட்டர் வாங்கச் சொல்கிறாள். கடையில் போய்ப் பார்த்தால் நாலு விதம் இருக்கிறது. எதை எடுப்பது? (வாசகி, பாலக்கோடு)

பதில்: நாலையும் சொல்லிவிடுகிறேன். உடுக்கை மாதிரி நடுவில் ஒடுங்கி, இரண்டு பக்கமும் வாய் வைத்தது ஒன்று. அதில் ஒரு வாய் மெல்லிய நூலுக்கு, மறு வாய் கொஞ்சம் தடித்த நூலுக்கு. அடுத்தது ஒரே வாய், மாற்றி மாட்ட மூன்று நாலு பிளேடு, மேலே திருகக் கைப்பிடி. மூன்றாவது மேடையில் ஒட்ட வைத்து, பக்கவாட்டில் கைப்பிடியைச் சுற்றுவது. நாலாவது கரண்டில் ஓடுவது. வந்த கடிதமெல்லாம் கையில் வைத்துத் திருகுவதைப் பற்றி என்பதால் முதல் இரண்டைத்தான் விரிவாகச் சொல்கிறேன்.

வேலை செய்கிற விதம் தெரிந்தால் வாங்குவது சுலபம். பென்சிலை ஷார்ப்னரில் விட்டுத் திருகுகிறோம் இல்லையா, அதே சங்கதிதான். ஷார்ப்னரில் வெறும் பிளேடு மட்டும் இருப்பதால் சீவல் அகலமாக வருகிறது. இதில் பிளேடுக்குப் பக்கத்தில் சீப்புப் பல் மாதிரி கூரான பற்கள் நிற்கும், அவை காயைக் கோடு கோடாகக் கீறிவிட, பிளேடு அதைச் சீவித் தள்ள, அகலமாக வரவேண்டியது நூலாகப் பிரிந்து வெளியே வருகிறது. அப்போ முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பல்லும் பிளேடும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பல் எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கிறதா, பிளேடு பிளாஸ்டிக்கில் ஆடாமல் உட்கார்ந்திருக்கிறதா? கருவியைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து லேசாக ஆட்டினால் கடகடவென்று சத்தம் வந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஆடுகிற பிளேடு இரண்டு கேரட்டுக்கு மேல் தாங்காது.

ரெண்டாவது மூடி. அதன் உள்ளே ஊசி ஊசியாக முள் இருக்கும். காய் குட்டையாகிப் போனதும் அந்த முள்ளில் குத்தி, மூடியைப் பிடித்துக்கொண்டு திருக வேண்டும். முள் மழுங்கலாகவோ குட்டையாகவோ இருந்தால் காய் நிற்காமல் சுற்றும், உடனே விரல் உள்ளே போகும். மூடி இல்லாமல் மலிவாகக் கிடைத்தால் வேண்டவே வேண்டாம்.

மூன்றாவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம், அதை யாரும் பார்ப்பதில்லை. வாயின் அகலம். நான் அளந்து பார்த்த உடுக்கை வகையில் வாய் 5 சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருந்தது. அதைவிடத் தடித்த காய் உள்ளே போகாது, ரொம்ப ஒல்லியான காய் நூலாக வராது. அதனால் நீங்கள் வாராவாரம் வாங்குகிற காயில் ரெண்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்க. ஒரு கேரட், ஒரு முள்ளங்கி போதும். வாயில் நுழைத்துப் பாருங்கள், கடைக்காரர் என்ன நினைப்பார் என்று கூச்சப்பட வேண்டாம். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் படத்தைப் பார்த்து வாங்கினால், அந்தப் படத்தில் இருக்கிற காய்க்குத்தான் அது சரிவரும்.

வீட்டில் ரெண்டு பேர், மூன்று பேர் என்றால் உடுக்கை வகையே போதும். பிளேடு மாற்றுகிற வகையில் ஒரு வசதி, பிளேடைத் தனியே கழற்றிக் கழுவலாம். ஒரு தொல்லை, கழற்றி வைத்த பிளேடு கரண்டி டிராவில் கிடந்து கையைக் கிழிக்கும். தனி டப்பாவோடு வந்தால் மட்டும் எடுங்கள். ஐந்தாறு பேருக்குத் தினமும் சமைக்கிற வீடு என்றால் மேடையில் ஒட்டுகிற வகைக்குப் போய்விடுங்கள். அதன் அடியில் இருக்கிற ரப்பர் குமிழ் வழவழப்பான கிரானைட்டில் நன்றாக ஒட்டும், சொரசொரப்பான சிமெண்ட் மேடையில் ஒட்டாது.

கேள்வி: பெட்டியில் சுக்கினி படம் போட்டிருக்கிறது. எங்கள் ஊர்ச் சந்தையில் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. நம்ம காய் எதுவெல்லாம் இதில் வரும்? (வாசகி, இராயக்கோட்டை)

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுதலாம். சுக்கினி வெள்ளரி மாதிரி நீளமாக இருக்கிற சீமைக் காய், அதற்காக ஓசூர் வரை அலைய வேண்டாம். நம்ம ஊர்க் காயில் இதற்கென்றே பிறந்த மாதிரி ஒன்று இருக்கிறது: நூக்கல். சிலர் நூல்கோல் என்பார்கள், பெயரிலேயே நூல் இருக்கிறது! சாம்பாரில் போட்டால் பிள்ளைகள் ஒதுக்கி வைக்கிற அதே நூக்கல்தான். உள்ளே விதை இல்லை, பொந்து இல்லை, மேலிருந்து கீழ்வரை ஒரே கெட்டியான சதை, தண்ணீரும் அளவாகத்தான் விடும். சின்ன ஆரஞ்சு அளவுக்கு மேல் போகாத பிஞ்சாக எடுங்கள், பெரிதானால் நார் பாய்ந்துவிடும். தோலைக் கஞ்சத்தனம் பார்க்காமல் ஆழமாகச் சீவுங்கள், தோலுக்கு அடியில் நார் வெள்ளைக் கோடாகத் தெரியும், அது போகிற வரைக்கும். அப்புறம் ரெண்டு பக்கமும் தட்டையாக வெட்டி, வாய்க்குத் தகுந்த மாதிரி ஓரத்தைச் செதுக்கிக்கொண்டு திருகினால் பச்சையும் வெள்ளையும் கலந்த நீள நூல் வரும். செதுக்கிய துண்டு சாம்பாருக்கு.

முள்ளங்கியும் அருமையாக வரும், நேராகவும் கனமாகவும் இருக்க வேண்டும். பஞ்சு பாய்ந்த முள்ளங்கி கையில் லேசாக இருக்கும், வெட்டினால் நடுவில் வெள்ளையாகப் பொரிந்து தெரியும், அது நூலாகாமல் உதிர்ந்துவிடும். கேரட்டில் நீளமான ஒல்லிச் சிவப்புக் கேரட்டைவிட, ஊட்டி கேரட் என்று விற்கிறார்களே, அந்தக் குட்டைத் தடி கேரட்தான் இதற்கு. வெள்ளரிக்காய் பிஞ்சாக இருந்தால் வரும், விதை முற்றியிருந்தால் கொழகொழத்துவிடும். சவ்சவ் வரும், வாய்க்குத் தகுந்தபடி செதுக்க வேண்டும், நடுவில் இருக்கிற விதையை எடுத்துவிட வேண்டும். அதன் தோலைச் சீவும்போது ஒரு பால் வந்து கையெல்லாம் பிசுபிசுத்து இழுக்கும், உள்ளங்கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சீவுங்கள். பீட்ரூட்டும் உருளைக்கிழங்கும் பெரும்பாலும் வாயைவிடப் பெரிதாகத்தான் இருக்கும், செதுக்கினால் வரும். உருளை நூலை உடனே தண்ணீரில் போட்டு அலசிவிடுங்கள், இல்லாவிட்டால் கறுத்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

சுக்கினிக்கு நெருங்கின சொந்தம் சுரைக்காய். ஒல்லியான பிஞ்சு கிடைத்தால் கிட்டத்தட்ட அதே பதம் வரும். ஆனால் சுரைக்காய், வெள்ளரிக்காய், சுக்கினி எல்லாவற்றிலும் ஒரு துளி வெட்டி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மேலே வேலை. கசந்தால் துப்பிவிட்டு, அந்தக் காயை முழுசாகக் குப்பையில் போடுங்கள். அந்தக் கசப்பு குக்குர்பிட்டாசின் என்கிற நஞ்சு, வேகவைத்தாலும் போகாது. கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள் உண்டு, உயிர் போனதும் உண்டு. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

புடலங்காய், கத்திரிக்காய், பீர்க்கங்காய் மூன்றும் வராது. ஒன்று உள்ளே பொந்து, மற்ற ரெண்டும் பஞ்சு. மாங்காய் சீசனில் கிளிமூக்கு மலிவாகக் கிடைக்கும்போது அதையும் விட்டுப் பார்க்கலாமே என்று ஆசை வரும். நடுவில் கொட்டை இருக்கிறது, பிளேடு போய் அதில் மோதும். மாங்காய்க்குத் துருவியே நல்லது.

கேள்வி: திருகினால் நீளமாக வராமல் பிறை பிறையாகத் துண்டு விழுகிறது. கருவி கோளாறா? (வாசகி, காவேரிப்பட்டணம்)

பதில்: கருவி கோளாறாகவும் இருக்கலாம், ஆனால் பத்துக்கு எட்டுப் பேருக்குக் காய் கோணலாக நிற்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் பெண்ணும் இதையேதான் சொன்னாள். அவள் கையில் கொடுத்துத் திருகச் சொன்னேன். கேரட்டின் காம்பை அப்படியே விட்டிருந்தாள், நுனி ஒரு பக்கம் வளைந்திருந்தது. முதல் சுற்றிலேயே கேரட் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிளேடு ஒரு பக்கத்தை மட்டும் கடித்தது. கடித்த பக்கம் பிறை விழுந்தது, கடிக்காத பக்கம் ஒன்றுமில்லை, மறுபடி பிறை. காம்புப் பக்கத்தைக் கத்தியால் நேராக, தட்டையாக வெட்டி, வளைந்த நுனியையும் வெட்டித் தள்ளிவிட்டு, காயைக் குழாய் மாதிரி நேராக நிறுத்திப் பிடித்துத் திருகச் சொன்னேன். ரெண்டு சுற்று வரைக்கும் பொடித் துண்டுதான் வந்தது, கேரட் ஷார்ப்னரில் நுழைந்த பென்சில் மாதிரி முனை சீவிக்கொள்ள அந்த ரெண்டு சுற்று வேண்டும். மூன்றாவது சுற்றில் கிரக் கிரக் என்ற சத்தம் நின்று சர்ரென்று ஒரே சத்தமாக மாறியது, பக்கவாட்டுத் துவாரத்திலிருந்து நூல் இறங்க ஆரம்பித்தது. அந்தச் சத்தம் மாறுகிறதே, அதுதான் அடையாளம். சத்தம் சீராக இருக்கிற வரை வேகத்தை மாற்றாதீர்கள், அமுக்கவும் அமுக்காதீர்கள். அமுக்கினால் நூல் வேகமாக வராது, அறுந்துதான் வரும். கையைத் திருகினால் போதும், பிளேடே காயை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இன்னொன்று, காய் வாடியிருந்தாலும் அறுந்து அறுந்துதான் விழும். ஃபிரிட்ஜில் நாலு நாள் கிடந்து வளைகிற கேரட்டைக் குளிர்ந்த தண்ணீரில் அரைமணி, ஒருமணி நேரம் போட்டு வையுங்கள், தண்ணீரை இழுத்து விறைத்துக்கொள்ளும். அப்புறம் துடைத்துவிட்டுத் திருகுங்கள். ஒல்லிக் கேரட்டை விட்டுவிடுங்கள், 3 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் பாதி நடுத்தண்டாகவே மிஞ்சும். எந்தக் காயானாலும் கடைசியில் பென்சில் மாதிரி ஒரு தண்டு மிஞ்சத்தான் செய்யும். பொரியலுக்கோ சாம்பாருக்கோ எடுத்து வையுங்கள்.

கேள்வி: மாமியாருக்கு மணிக்கட்டு வலி. எனக்கோ இடதுகைப் பழக்கம். நாங்கள் ரெண்டு பேரும் இதைப் பயன்படுத்த முடியுமா? (வாசகி, அரூர்)

பதில்: மாமியாருக்கு வேண்டாம். இதில் எல்லா வேலையும் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பித்தான் நடக்கிறது, ஒரு கேரட்டுக்கே முப்பது நாற்பது திருப்பு ஆகும். வலியிருக்கிற கையை அப்படித் திருப்பினால் அன்றைக்கு ராத்திரியே தெரியும். அவர்கள் தோலைச் சீவிக் கொடுக்கட்டும், நீங்கள் திருகுங்கள்.

உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பிளேடு ஒரே திசையில்தான் வெட்டும், அதை மாற்ற முடியாது. ஆனால் எதைப் பிடிக்கிறோம், எதைத் திருகுகிறோம் என்பது நம் இஷ்டம். காயை வலது கையில் அசையாமல் பிடித்துக்கொண்டு, கருவியை இடது கையால் திருகிப் பாருங்கள். சில பேருக்கு அது சட்டென்று கைவந்துவிடும். கை ஈரமாக இருந்தால் வழுக்கும், ஒரு துண்டில் துடைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

ரெண்டு பேருக்கும் பொதுவாக ஒன்று. காய் ரெண்டு விரற்கடை அளவுக்கு வந்ததும் மூடி கட்டாயம். "இன்னும் ஒரு சுற்றுதானே" என்று தோன்றுகிற இடத்தில்தான் விரல் வெட்டுப்படுகிறது. எனக்கு வெட்டுப்பட்டது திருகும்போது இல்லை, கழுவும்போது. சிங்க்கில் சோப்புத் தண்ணீருக்குள் பாத்திரத்தோடு போட்டுவிட்டு, மறந்துபோய்க் கையைவிட்டுத் துழாவினேன். மோதிர விரலில் நல்ல ஆழமான வெட்டு, பத்து நாள் ஈரம் படாமல் வைக்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து இதைத் தண்ணீருக்குள் போடுவதே இல்லை.

கேள்வி: எனக்குச் சர்க்கரை. நூடுல்ஸுக்குப் பதில் காய் நூடுல்ஸ் சாப்பிட்டால் சர்க்கரை குறையும் என்கிறார்களே, உண்மையா? (வாசகர், கிருஷ்ணகிரி)

பதில்: அண்ணா, நேரடியாகச் சொல்கிறேன். காயை நூலாக வெட்டியதால் அதற்கு மருந்துக் குணம் ஏதும் வந்துவிடாது. மாவுச்சத்து எவ்வளவு குறைகிறது என்பதுதான் கணக்கு. வேகவைத்த கோதுமை நூடுல்ஸ் 100 கிராமில் சுமார் 25 கிராம் மாவுச்சத்து, சோற்றில் சுமார் 28. அதே 100 கிராம் நூக்கலில் 6, முள்ளங்கியிலும் வெள்ளரியிலும் 3 அல்லது 4, கேரட்டிலும் பீட்ரூட்டிலும் 10க்குப் பக்கம். உருளைக்கிழங்கில் 17, அதனால் உருளையை நூலாக்கி எண்ணெயில் பொரித்துவிட்டு 'காய்தானே' என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது.

ஒரு தட்டு நூடுல்ஸுக்குப் பதிலாக நூக்கலோ முள்ளங்கியோ சாப்பிட்டால் அந்த வேளைக்குச் சர்க்கரை ஏறுவது குறையும், அது நிஜம். ஆனால் வெறும் காயைச் சாப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் பசிக்கும், பசித்ததும் கைக்கு வந்ததைத் தின்போம். ரெண்டு முட்டை, முளைகட்டின பயறு, வறுத்த நிலக்கடலை என்று ஏதாவது ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். மாத்திரையை உங்கள் இஷ்டத்துக்குக் குறைக்காதீர்கள். சிறுநீரகக் கோளாறும் இருந்தால் எந்தக் காய் எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் ஆரம்பிக்க வேண்டும், பொட்டாசியம் கணக்கு அங்கே வேறு. நம் வீட்டு ராகிக் களியை இதற்காக விட வேண்டுமா என்று கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். விட வேண்டாம், உருண்டையின் அளவைச் சின்னதாக்கி, பக்கத்தில் காயைப் பெரிதாக்குங்கள்.

கேள்வி: அடுப்பில் போட்டதும் தண்ணீர் விட்டுக் கூழாகிவிடுகிறது. (வாசகி, ஓசூர்)

பதில்: நூலாக்கிய காய்க்கு அடுப்பில் ரெண்டு நிமிஷம்தான் ஆயுசு, கேரட்டுக்கு மூன்று. பொரியல் மாதிரி மூடி போட்டு வேகவிட்டால் கூழ்தான். முதலில் 200 கிராம் நூலுக்குக் கால் டீஸ்பூன் உப்புப் போட்டுப் பிசறிப் பத்து நிமிஷம் வடிதட்டில் வையுங்கள். உப்பு தண்ணீரை வெளியே இழுத்துவிடும். மெதுவாகப் பிழிந்து, துணியில் ஒற்றி எடுங்கள். அகலமான இரும்புச் சட்டியை நன்றாகக் காயவைத்து, எண்ணெய் விட்டு, தாளித்து, தீயைக் குறைக்காமல் நூலைப் போட்டு ரெண்டு புரட்டு புரட்டி இறக்கிவிடுங்கள். உப்பு ஏற்கெனவே போட்டிருக்கிறோம் என்பதை மறக்காதீர்கள், மறுபடி போட்டால் வாயில் வைக்க முடியாது.

என் வீட்டில் அடிக்கடி செய்வது நூக்கல் நூலில் கடலைப்பொடி. கடுகு, உளுந்து, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, நூலைப் புரட்டி, அடுப்பை அணைத்த பிறகு வறுத்துப் பொடித்த நிலக்கடலை ரெண்டு ஸ்பூன் தூவுவேன். பொடி மிச்சமிருக்கிற ஈரத்தைக் குடித்துக்கொண்டு நூலோடு ஒட்டிக்கொள்ளும். மார்கழி, தையில் அவரைக்கொட்டை வரும்போது, ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்த பிதுக்கம்பருப்பை வேகவைத்து அதோடு சேர்த்தால் ஒரு வேளைச் சாப்பாடே ஆகிவிடும்.

உங்கள் ஓசூர்ப் பக்கம் கோசம்பரி செய்வீர்களே, ஊறவைத்த பாசிப்பருப்பில் வெள்ளரியைப் பொடியாக நறுக்கிப் போட்டு? அதில் பாதி வெள்ளரிக்குப் பதில் கேரட் நூலைக் கத்திரிக்கோலால் விரல் நீளத்துக்கு வெட்டிப் போடுங்கள். அடுப்பே வேண்டாம். உப்பும் எலுமிச்சையும் பரிமாறும்போதுதான்.

கேள்வி: கேரட் கறை போகவே மாட்டேன் என்கிறது. பிளேடில் வெள்ளையாகப் படிகிறது. (வாசகி, ஊத்தங்கரை)

பதில்: கேரட்டின் நிறம் எண்ணெயில்தான் கரையும். சோப்பு போடுவதற்கு முன்னால் பஞ்சில் ரெண்டு சொட்டுச் சமையல் எண்ணெய் தொட்டுத் துடையுங்கள், அப்புறம் சோப்பு. பீட்ரூட் நிறம் தண்ணீரில் போய்விடும், உடனே கழுவினால் சரி. வெள்ளைப் படிவு நம்ம போர் தண்ணீரின் உப்பு. எலுமிச்சைத் தோலால் தேய்த்துக் கழுவித் துடையுங்கள். பல்லுக்கு நடுவில் சிக்கிய நாரை விரலால் நோண்டாமல் பழைய டூத்பிரஷால், கூர்முனைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தள்ளுங்கள். ஸ்டெயின்லெஸ் என்று எழுதியிருந்தாலும் ஈரத்தோடு மூடி வைத்தால் பிளேடு துருப்பிடிக்கும்.

கேள்வி: அரிவாள்மனையில் உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் ஒரு படி காய் அரிந்துவிடுவேன். எனக்கு இது எதற்கு? பேத்தி கேட்கிறாள் என்பதற்காக வாங்க வேண்டுமா? (ஒரு பாட்டி, பென்னாகரம்)

பதில்: உங்களுக்கு வேண்டாம் பாட்டி. பொரியல், கூட்டு, சாம்பார் எதற்குமே இது தேவையில்லை, உங்கள் கை வேகத்துக்கு இது ஈடும் இல்லை. ஆனால் பேத்திக்கு வாங்கிக் கொடுங்கள். எத்தனை வயசு என்று எழுதவில்லை, பத்து வயசு தாண்டியிருந்தால் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு திருகக் கொடுக்கலாம். கடைசித் துண்டையும் கழுவுவதையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் நூக்கலைத் தொடாத பையன் தானே திருகின நூக்கலை எண்ணெய்கூடக் காட்டாமல், உப்பும் எலுமிச்சையும் பிழிந்து, ஒரு கிண்ணம் தின்றான். அடுத்த சந்தைக்குப் போகும்போது "பிஞ்சு நூக்கலா பார்த்து வாங்கும்மா, வாய்க்குள்ள போகணும்" என்று சொல்லி அனுப்பினான்.